எருமை வருகிற பக்கங்கள்

உளுந்தம்பருப்பும் அரிசியும் ஒன்றாய்க் கழுவிப் போட்டு, வெந்தயம் ஒரு கரண்டி, பூண்டு கைக்கு வந்தது வந்தபடி, தேங்காய்த் துருவலை மேலாகத் தூவி, குக்கரை மூடி வெயிட்டை வைத்த பிறகுதான் மாரிச்செல்விக்கு வீட்டின் அமைதி காதில் விழுந்தது. எட்டு வயதுப் பிள்ளை உள்ளே இருக்கிற வீட்டில் பட்டப்பகலில் இப்படி ஓர் அமைதி இருக்கக் கூடாது. செண்பா தூங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் கத்தரிக்கோலால் எதையாவது வெட்டிக்கொண்டிருக்க வேண்டும். மூன்றாவதாகவும் ஒன்று இருக்கலாம். அதை நினைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. நினைத்தால் கண்பட்டுப் போகும், அடுத்தவர் கண்ணை விடச் சொந்தக் கண் பொல்லாதது. எட்டிப் பார்க்கலாம், ஆறு எட்டு வைத்தால் அந்த அறை, ஆனால் அடுப்பைத் தணித்துவிட்டு எள்ளைச் சட்டியில் போட்டாள். மதினி கால்மணி நேரம் முன்புதான் போனில் பேசினாள், "நாங்குநேரி தாண்டிட்டேன் ளா, வள்ளியூர்ல பஸ்ஸு நின்னு நின்னுதான் வரும், ஒண்ணும் விசேஷமா செய்யாத, உளுந்தஞ்சோறு போதும்." உளுந்தஞ்சோறு போதும் என்றால் எள்ளுத் துவையல் வேண்டும், எள்ளுத் துவையல் என்றால் கூடவே அவியல் வேண்டும், சொர்ணத்தாய் மதினி ஒன்றும் செய்யாதே என்று சொன்னால் மூன்று பாத்திரம் விளக்கிப் போட வேண்டியிருக்கும். நல்ல மனுஷி. அதுதான் கஷ்டமே. கெட்டவளாக இருந்தால் சண்டை போட்டு முடித்திருக்கலாம். தம்பி மகள் மேல் உசிரையே வைத்திருக்கிறாள், பாளையங்கோட்டையில் இரண்டு அறை வீட்டில் ஓர் அறையைக் கூட்டித் துடைத்துக் காலியாகவே வைத்திருக்கிறாள், தனக்கென்று ஒரு பிள்ளை பிறக்கும் என்று பத்து வருஷம் வைத்திருந்த அறை. பொங்கலுக்கு வந்தபோது அந்த அறையைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் அதைச் சொன்னாள். "இங்க பாரு செல்வி. சித்திரை கடைசிக்குள்ள பிள்ள தன்னால ஒரு புஸ்தகத்த எடுத்து வாசிச்சிட்டான்னா நான் வாயத் திறக்கல. இல்லன்னா ஜூன்ல எங்கூட அனுப்பிரு. நான் வேலை பாக்கிற ஸ்கூல்லயே சேத்துவிடுதேன். லீவுக்கு உங்ககிட்ட வரட்டும்." புருஷன் சுடலைமணி அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அக்கா சொல்லுததுலயும் ஞாயம் இருக்கு" என்றார். சித்திரை முடிய இன்னும் நாலு நாள். இன்றைக்குப் பார்த்துவிட்டுப் போகத்தான் மதினி வருகிறாள்.

எள் வெடிக்க ஆரம்பித்தது. ஞாயம் இருக்கிறதுதான், யார் இல்லை என்றார்கள். காற்றாலைக்காரன் பெண்டாட்டிக்கு ஓர் ஊர் சொந்தமில்லை. காற்று எங்கே அடிக்கிறதோ அங்கே சட்டிபானை. ஆரல்வாய்மொழியில் ஒன்றாம் வகுப்பு பாதி, கம்பத்தில் மீதி, உடுமலைப்பேட்டைப் பக்கம் இரண்டாம் வகுப்பு மூன்று மாதம், அங்கிருந்து இந்தப் பணகுடி. நாலு ஊரிலும் நூலகத்தில் உறுப்பினர் அட்டை வாங்கியிருக்கிறார்கள், நாலையும் செண்பா சீட்டுக்கட்டு மாதிரி வைத்து விளையாடுகிறாள். ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளை போய் உட்காரும்போது அவர்கள் பாடத்தில் பாதி தாண்டியிருப்பார்கள், இவள் பேரை அவர்கள் சரியாகச் சொல்லக் கற்றுக்கொள்ளும்போது இங்கே லாரி வந்து நிற்கும். மூன்றாவது தடவை பிள்ளை வீட்டுக்கு வந்து, "எம்மா, எனக்கு எந்த டீச்சரும் முடிய மாட்டேங்காங்க" என்று சொன்னது. முடிய மாட்டேங்காங்க. அந்த வார்த்தைதான் மாரிச்செல்வியை உலுக்கியது, சட்டென்று முடிவெடுத்தாள், வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுப்போம், பன்னிரண்டாவது வரை நானும்தானே படித்திருக்கிறேன், கணக்கு என்ன பெரிய கணக்கு, உழக்கும் படியும் தெரிந்தால் பின்னம் தெரியும். கணக்கு நன்றாகவே வந்தது. காற்றாடியின் இறக்கை நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று வாசலில் நின்று எண்ணிப் பெருக்கி நாளைக்கு எத்தனை என்று சொல்லிவிடும். எழுத்தெல்லாம் தெரியும், கடைப் போர்டைக் கேட்டால் சொல்லும். ஆனால் புத்தகம் என்று வந்தால், ஒரு வரிக்கு மேல் இரண்டாவது வரி இருந்தால், கொண்டுவந்து மடியில் போட்டுவிடும். நீ வாசி. நீ வாசிச்சாத்தான் நண்டுக்குச் சத்தம் வருது.

நண்டு. நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வீடு தேடிப் போகிற ஒரு நண்டின் கதை, இருபத்து நாலு பக்கம், கம்பத்தில் வாங்கியது. சாயங்காலம் ஆனால் மாரிச்செல்வி அதை வாசிப்பாள், வாசிப்பது என்றா சொல்வது, ஆடுவாள். நண்டுக்கு மூக்கால் பேசுவாள், தவளைக்குத் தொண்டையால், நத்தைக்கு ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஒரு கொட்டாவி. பக்கத்து வீட்டு ஆட்கள் ஜன்னல் பக்கம் வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். அவளுக்கே தன் வாயை நினைத்துப் பெருமையாக இருந்தது, பொய் என்ன. அப்புறம் ஒருநாள், கார்த்திகை மாதம், செண்பா அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போய் முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை ஓர் எழுத்துப் பிசகாமல் வாசித்தாள். சுடலைமணி போனை எடுத்து அக்காவைக் கூப்பிடப் போய்விட்டார். மாரிச்செல்வி கண் கலங்கிப் போய்ப் புத்தகத்தை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டு, பிறகு சும்மா புரட்டியவள், பதினாலாம் பக்கமும் பதினைந்தாம் பக்கமும் கருப்பட்டிப் பாகில் ஒட்டிக் கிடப்பதைப் பார்த்தாள். பணியாரம் சுட்ட அன்று ஒட்டியது, அதன் பிறகு சாயங்காலத்துக்கு வேறு புத்தகங்கள்தான், பல வாரம் ஆகியிருக்கும், யாரும் பிரிக்கவில்லை. பிரிக்காத பக்கத்தையும் பிள்ளை வாசித்திருக்கிறது. நத்தை வீட்டுக் கதவை நண்டு தட்டுகிற இடம், கொட்டாவியோடு, அப்படியே. அன்றைக்கு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், போனை வையுங்க என்று புருஷனிடம் கையைக் காட்டிக்கொண்டே சிரித்தாள், சிரித்து முடித்துவிட்டு அடுக்களைக்குள் வந்து தண்ணீர்க் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. குறை என் வாயில். நான் இவ்வளவு நன்றாக வாசித்தால் அது எதற்கு வாசிக்க வேண்டும்? ஊட்டி ஊட்டிக் கையே வளராமல் போன பிள்ளை மாதிரி.

முதல் விசில் வந்தது. சத்தத்துக்கு உள்ளேயிருந்து ஏதாவது அசைவு வரும் என்று காதைக் கொடுத்தாள், வரவில்லை. எள் ஆறிவிட்டது, புளியும் வத்தலும் உப்பும் தயாராக இருக்கிறது, மிக்ஸியில் போட்டு ஒரு திருப்பு திருப்பினால் துவையல் முடிந்தது, ஆனால் மிக்ஸியைப் போட்டால் இந்த அமைதி உடைந்துவிடும். போகட்டும், அவியலுக்கு நறுக்குவோம், கத்திரிக்காய் நறுக்குவதற்குச் சத்தம் இல்லை. உண்மையாகச் சொன்னால் இன்றைக்குத் தப்பிக்க அவளிடம் ஒரு வழி இருக்கிறது. போன வாரம் இட்லி ஆவியில் காட்டி அந்த ஒட்டின பக்கங்களைப் பதமாகப் பிரித்துவைத்தாள். புத்தகத்தின் மேல் பிரியத்தில் பிரித்தேன் என்று அன்றைக்குத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இன்று காலையில் பிள்ளையிடம், "அத்தை வாரதுக்குள்ள அந்த நண்டுப் புஸ்தகத்தையாவது ஒரு தடவ எடுத்துப் பாரு" என்று சொன்னபோதுதான் எதற்காகப் பிரித்தோம் என்று தெரிந்தது. மதினிக்குப் புத்தகத்தைப் பற்றி என்ன தெரியும், ஆபீசில் பீஸ் ரசீது எழுதுகிறவள், பிள்ளை பக்கத்தைத் திருப்பிக்கொண்டே கடகடவென்று ஒப்பித்தால் வாயில் விரலை வைத்து நின்றுவிடுவாள். ஜூன் மாதம் வரும், போகும், பிள்ளை என்னிடம் இருக்கும். ஒரு பொய்தானே. ஆனால் பிள்ளைக்குத் தெரியுமே, அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு பொய் இருக்கிறது, அது ஒரு புத்தகத்துக்குள் இருக்கிறது என்று. அப்புறம் அது எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அந்தப் பொய் ஒட்டிக்கொண்டு வராதா, கருப்பட்டிப் பாகு மாதிரி. கத்திரிக்காய்த் துண்டுகளைத் தண்ணீரில் போட்டாள். கறுத்துப்போகாமல் இருக்க.

புத்தகத்தின் மேல் அவளுக்கு இருக்கிற மதிப்பை யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியாது. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் கண்ணாடி போட்ட பச்சை இரும்பு அலமாரி ஒன்று இருந்தது, உள்ளே நாற்பது புத்தகம் போல இருக்கும், பூட்டுப் போட்டு, சாவி பெரிய வாத்தியாரின் இடுப்பில். வருஷத்துக்கு ஒரு நாள், அதிகாரி பார்வையிட வருவதற்கு முந்தின நாள், அதைத் திறந்து தூசி தட்டுவார்கள். தட்டுவதற்கு ஏழாம் எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகளில் இரண்டு பேர். மாரிச்செல்வி ஏழிலும் கை தூக்கினாள், எட்டிலும் கை தூக்கினாள், தும்மல் வரும் என்று மற்றவர்கள் ஓடினார்கள், அவள் வீட்டிலிருந்து துணி கொண்டுபோவாள். ஒரு புத்தகத்தை எடுத்து, விரித்து, ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம், துடைக்கிற மாதிரியே வாசித்துவிட்டு மூடி அடுக்க வேண்டும். அதற்கு மேல் நின்றால் என்ன பிள்ளை அங்கே என்று குரல் வரும். அதனால் அவளிடம் நாற்பது கதை இருந்தது, ஒவ்வொன்றும் ஒரு பக்கம். ஒருத்தி கிணற்றடியில் வளையலைக் கழற்றி வைக்கிறாள், அத்தோடு சரி. ஒரு கப்பல் கரையைப் பார்த்துவிட்டது, யார் இறங்கினார்கள் தெரியாது. குதிரை மேல் ஒருவன் கடிதத்தை உறைக்குள் இருந்து எடுக்கிறான், இன்றைக்கு வரைக்கும் எடுத்துக்கொண்டே இருக்கிறான். பருத்தி எடுக்கப் போகும்போது, சாணி தட்டும்போது, அவர்களுக்கெல்லாம் முன்னாலும் பின்னாலும் அவளே சொல்லிக் கட்டுவாள். வளையல்காரிக்கு ஏழு முடிவு வைத்திருந்தாள், ஒன்றிலும் அவள் கிணற்றில் விழவில்லை. எப்படித்தான் எழுதினார்களோ, ஒற்றைப் பக்கத்தை வைத்து இருபது வருஷம் ஓட்டுகிற மாதிரி. எழுதினவன் எந்த ஊரில் எந்தத் திக்கில் உட்கார்ந்து எழுதினான், இங்கே ஒரு பிள்ளை கையில் துணியோடு தும்மலை அடக்கிக்கொண்டு நிற்கப்போகிறது என்று அவனுக்குத் தெரியுமா? தெரியாமலேயே கொடுத்திருக்கிறான். கோயிலில் கூடப் பேர் சொல்லி அர்ச்சனை செய்துதான் விபூதி கொடுக்கிறார்கள்.

அதனால்தான் கல்யாணமாகி வந்த வீட்டில் முதல் வேலையாகப் புத்தகத்துக்கு ஓர் இடம் வைத்தாள், பூட்டில்லாத இடம். கேபிள் சுற்றி வந்த பெரிய மர உருளை ஒன்றைச் சுடலைமணி வேலை இடத்திலிருந்து கேட்டு வாங்கிவந்தார், அதைப் படுக்கப்போட்டு அதன் மேல் அடுக்கினார்கள், நாலு ஊருக்கும் அது உருண்டு உருண்டு வந்திருக்கிறது. வீட்டில் இரண்டு நேரம் உண்டு. சாயங்காலம் வாய் திறந்த நேரம், அது எல்லோருக்குமான புத்தகம், அம்மா வாசிக்க மற்றவர்கள் கேட்பது. மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை வாய்மூடி நேரம். யாரும் யாரிடமும் பேசக் கூடாது, ஆளுக்கு ஒரு புத்தகம், அவரவர் புத்தகம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் சுடலைமணி இயந்திரக் குறிப்பேட்டை எடுத்து நெஞ்சின் மேல் விரித்துவைத்துக்கொண்டு தூங்குவார், எல்லாமே பல்சக்கரமும் அம்புக்குறியுமாய் இருக்கும், ஆனால் எப்போதாவது கண்ணைத் திறந்து, "என்னமா போட்டிருக்கான் பாரு" என்பார், பேசக் கூடாது என்று செண்பா உதட்டில் விரலை வைக்கும். பிள்ளை படம் பார்க்கும். படம் பார்த்து முடித்தால் அம்மாவின் முகத்தைப் பார்க்கும். அங்கேதான் அது ஆரம்பித்தது.

இரண்டாவது விசில். அங்கேதான் எது ஆரம்பித்தது? ஒன்றும் ஆரம்பிக்கவில்லை, அவளாக நினைத்துக்கொள்கிறாள். தை மாதம், மதினி சொல்லிவிட்டுப் போன பிறகு, நோட்டில் எழுதிப் பார்த்தாள், தகரடப்பாவில் எல்லாம் பேர் எழுதி ஒட்டினாள், மிட்டாய் தருகிறேன் என்றாள், ஒரு நாள் அடிக்கவும் கை ஓங்கினாள், பிள்ளை சாதுவாக, "நீ வாசி, நான் கேக்கேன், நல்லாத்தானே இருக்கு" என்றது. அலுத்துப்போய், போ என்று விட்டுவிட்டு, வாய்மூடி நேரத்தில் தனக்கென்று ஒரு புத்தகத்தை எடுத்தாள். வள்ளியூரில் பழைய பேப்பர் கடையில் நிறுத்து வாங்கிய கட்டுக்குள் வந்தது, அட்டை கிடையாது, முதல் ஆறு பக்கமும் கிடையாது, யார் எழுதினது, என்ன பேர் ஒன்றும் தெரியாது, ஏழாம் பக்கத்தில் ஒரு வாக்கியத்தின் பாதியில் இருந்து தொடங்குகிறது. சிவனம்மா என்று ஒரு பொம்பிளை, மருமகனோடு வாய்ச்சண்டை போட்டுவிட்டு, வீட்டில் தன்னுடையது என்று சொல்ல இருந்த ஒரே ஒரு எருமையை அவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். அவ்வளவுதான் கதை, அவளும் எருமையும் நடக்கிறார்கள். ஆனால் எழுதியிருக்கிற விதம். எருமை நின்றால் கதை நிற்கிறது, அது மேய்கிற நேரத்தில் சிவனம்மா தன் கல்யாணத்தை நினைக்கிறாள், ஒரு மாங்காயைத் திருடித் தின்கிறாள், மருமகனுக்குச் சொல்லாமல் விட்ட பதில்களை எருமையிடம் சொல்கிறாள், அது காதை ஆட்டுகிறது. வாசிக்க வாசிக்க மாரிச்செல்விக்குத் தானே சிரிப்பு வரும், சத்தமில்லாமல் தோள் குலுங்கும். செண்பா வந்து ஒட்டி உட்காரும். "எதுக்குச் சிரிக்க?" பதில் இல்லை. "எம்மா, எதுக்குன்னு சொல்லு." மூன்று மணி ஆன பிறகு, "அந்த எருமை பண்ணுத வேலைக்கு" என்றாள். "எந்த எருமை? வாசிச்சுச் சொல்லு." வாய் திறந்துவிட்டாள், வாசிக்கத்தான் போனாள், ஆனால் என்னவோ ஒன்று உள்ளே வந்து தடுத்தது, மூடிவிட்டாள். "மாட்டேன். இது என் புஸ்தகம்." "பெரியவங்க கதையா?" "பெரியவங்க கதையுமில்ல, சின்னவங்க கதையுமில்ல. என்னது. நண்டு நம்ம எல்லாருக்கும். இந்த எருமை எனக்கு மட்டும்." பிள்ளை முகம் சுருங்கிப் போய்விட்டது. அன்றைக்கெல்லாம் அவளுக்கு மனசு உறுத்தியது, பெற்ற பிள்ளையிடம் ஒன்றை மறைத்துத் தின்கிற மாதிரி, எந்தத் தாயாவது செய்வாளா, ஆனாலும் மறுநாள் இரண்டு மணிக்கு எப்போது ஆகும் என்று இருந்தது. சமையலும் துணியும் புருஷன் பிள்ளையும் எல்லாம் போக, இவ்வளவு பெரிய உலகத்தில், அட்டை கிழிந்த ஒரு புத்தகம் மட்டும் தனக்கு என்று இருப்பதில் என்ன தப்பு. அதுவும் பாதியில் நின்றுபோய்க் கிடக்கிறது இப்போது, பதினோரு நாளாக.

காற்று எழுந்துவிட்டது. பின்கதவு ஒரு தடவை அடித்துத் திறந்தது, கல்லை நகர்த்தி வைத்தாள். சித்திரை முடிகிற காற்று இது, வைகாசி ஆனியில் ஆளைத் தூக்கும், அதற்குள் எல்லா மிஷினையும் பார்த்துவிட வேண்டும் என்று சுடலைமணி தினமும் மேலே ஏறுகிறார். எண்பது மீட்டர். ஒரு தடவை தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டாள், அதன் பிறகு அந்த எண்ணை மறக்கப் பார்க்கிறாள். இடுப்பில் கயிறு உண்டு, கொக்கி உண்டு, எல்லாம் உண்டு. நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் சிவனம்மா எருமையோடு ஆற்றைக் கடக்கிறாள், மேலே மலையில் மழை, தண்ணீர் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஏறி, பக்கத்தின் கடைசியில் கழுத்துக்கு வந்துவிட்டது. அன்றைக்குத்தான் காற்று முதல் தடவை ஓங்கி அடித்தது. புருஷன் மேலே இருக்கிறார், பக்கத்தைத் திருப்பி அவள் முங்கிப்போனாள் என்று இருந்தால்? பைத்தியக்காரத்தனம்தான், யாரோ எப்போதோ எழுதி அச்சடித்து முடித்தாயிற்று, இவள் திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் அடுத்த பக்கத்தில் இருப்பதுதான் இருக்கும். உலகத்துக்கெல்லாம் யோசனை சொல்கிற மாரிச்செல்விக்கு இது தெரியாதா. தெரிந்தும், அந்தப் பழைய பஸ் டிக்கெட்டை அந்த இடத்திலேயே வைத்து மூடிவிட்டாள். முடியாமல் இருக்கிற வரைக்கும் சிவனம்மா ஆற்றில் நிற்கிறாள், கழுத்தளவில் நிற்கிறாள், ஆனால் நிற்கிறாள். அலமாரிக் கதைகளில் ஒருத்தரும் செத்ததில்லை. ஒரு பக்கத்தோடு மூடிவிட்டால் யாரும் சாக மாட்டார்கள், அது அவள் சின்ன வயதில் கண்டுபிடித்த வைத்தியம்.

மூன்றாவது விசிலும் வாசல் கதவு தட்டுவதும் ஒன்றாக வந்தன. மதினி வந்துவிட்டாள், வேர்த்து விறுவிறுத்து, ஒரு கையில் பை, ஒரு கையில் நுங்கு கட்டிய ஓலை. "எங்க ளா இந்த வீட்டு எழுத்தாணி? சத்தத்தையே காணோம். தூங்குதாளா?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றினாள். "உள்ளதான் இருக்கா மதினி, வாங்க, தண்ணி குடிங்க." "தண்ணி கிடக்கட்டும். ஏ செண்பா, இங்க வா ட்டி. அத்தைக்கு ஒரு புஸ்தகம் வாசிச்சுக் காட்டிரு. காட்டிட்டின்னா நிம்மதியா சோத்துல உக்காருவேன், எனக்கும் பசிக்கி." உள்ளே பாய் நகர்கிற சத்தம். மாரிச்செல்வி அடுப்பை அணைத்துவிட்டுப் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், கை எப்போதோ காய்ந்துவிட்டது. இப்போது நண்டு வரும். கடகடவென்று ஒப்பிக்கும். நான் சிரித்துக்கொண்டு நிற்பேனா, மதினி இது பொய் என்று சொல்வேனா? சொன்னால் ஜூன். சொல்லாவிட்டால் ஜூனுக்குப் பிறகு எல்லா மாதமும். சொல்லிவிட வேண்டும், நண்டு மூக்கால் பேச ஆரம்பிக்கும் முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தபோது செண்பா அறைவாசலில் வந்து நின்றது, தலை கலைந்து, கையில் அந்த அட்டையில்லாத புத்தகம். அதிலிருந்து இரண்டு அடையாளம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்று பஸ் டிக்கெட். இன்னொன்று, அதைவிடத் தள்ளி, கடைசிக்குக் கிட்டத்தில், ஒரு கோழி இறகு.

மதினி புத்தகத்தைப் பார்த்து, "என்னது இது, படமே இல்ல" என்றாள். பிள்ளை தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, டிக்கெட் இருந்த இடத்தைப் பிரித்து, விரலை வரிக்கு அடியில் வைத்தது. அம்மாவின் குரல் இல்லை அது, மூக்கால் பேசவில்லை, கொட்டாவி விடவில்லை. தட்டுத்தடுமாறி, ஒரு சொல்லில் இரண்டு தடவை முட்டி, பின்னால் போய், மறுபடி வந்து, கல் கிடக்கிற ஆற்றில் கால் வைத்துக் கடக்கிற மாதிரி ஒரு குரல். "தண்ணீர்... அவள் கழு... கழுத்துக்கு வந்தது. எருமை... திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அதன் வாலை... விடவில்லை." அத்தோடு பக்கம் முடிந்தது. செண்பா புத்தகத்தை மூடிவிட்டது. பின்கதவுக் கல் காற்றில் உரசியது. மதினி குனிந்து, "பெறவு?" என்றாள். "பெறவு அம்மா வாசிக்கணும் அத்தை. அம்மா அங்கதான் நிக்கா. நான் சொல்லிட்டா அவளுக்குச் சப்புன்னு போயிரும்." "எனக்குச் சொல்லேன் ட்டி, காதுல." "மாட்டேன். இது அம்மா புஸ்தகம்." மாரிச்செல்வி கேட்டாள், "முழுக்க வாசிச்சியா?" பிள்ளை உதட்டைப் பிதுக்கியது. "முழுக்க இல்ல. எருமை வார பக்கமாப் பாத்துப் பாத்து வாசிச்சேன். எருமைன்னு எங்க போட்டிருக்கோ அதுக்கு மேலயும் கீழயும். மத்ததெல்லாம் அந்த அம்மா சும்மா நினைச்சிக்கிட்டு இருக்கா." மதினி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு நிற்கவே இல்லை, கண்ணைத் துடைத்தாள், துடைத்தவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, "நான் வாயத் திறக்கலன்னு சொல்லியிருந்தேன், திறக்கல. சோத்தப் போடு" என்றாள். மிக்ஸியை அப்போதுதான் போட்டாள் மாரிச்செல்வி, எள்ளுத் துவையலில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது, ஒருவரும் சொல்லவில்லை. சாப்பிடும்போது செண்பா மட்டும் கேட்டது, "அத்தை, உங்க வீட்டுல எனக்குன்னு வச்சிருக்கிற ரூம்ல காத்து அடிக்குமா? பெரிய லீவுக்கு நானும் அம்மாவும் வாரோம். புஸ்தகம் வைக்க மட்டும் ஒரு இடம் போட்டு வைங்க." மதினி பிள்ளை தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்து, குழி பண்ணி நல்லெண்ணெய் விட்டாள்.

இரண்டு மணிக்கு வாய்மூடி நேரம் என்றால் என்ன என்று மதினிக்குச் செண்பாதான் விளக்கியது. "ஒரு மணி நேரம் பேசாம இருக்கணுமா? உங்க மாமா கேட்டா கோயில் கட்டுவாரு" என்று சொல்லிக்கொண்டே அவள் மர உருளையில் கைக்கு வந்த ஒன்றை எடுத்தாள், நண்டுப் புத்தகம். மூன்று பேரும் பாயில் சுவரோரமாக உட்கார்ந்தார்கள். பிள்ளை ஏதோ ஒரு பறவைப் படப் புத்தகத்தை வைத்திருந்தது, ஆனால் படத்தை விட்டுவிட்டு அடியில் இருந்த சின்ன எழுத்தில் விரலை ஓட்டியது. மாரிச்செல்வி அட்டையில்லாத புத்தகத்தை மடியில் வைத்தாள். பஸ் டிக்கெட் தேய்ந்து வழவழவென்று இருந்தது. இத்தனை நாளும், அவள் துணி துவைக்கப் போன நேரத்தில், கடைக்குப் போன நேரத்தில், இந்தச் சின்ன விரல் இதற்குள் எருமையைத் தேடியிருக்கிறது. பிள்ளைக்கு நான் ஊட்டியதெல்லாம் ஒரு பக்கம், ஊட்ட மாட்டேன் என்றது ஒரு பக்கம். எந்த ஊரில் எந்தத் திக்கில் உட்கார்ந்து எழுதினானோ, எழுதினாளோ, முதல் ஆறு பக்கத்தோடு பேரும் போயிற்று, கையெடுத்துக் கும்பிடலாம் என்றால் திசை தெரியவில்லை. வெளியே காற்று ஓங்கியது, தூரத்தில் இறக்கைகள் வேகம் பிடிக்கிற உறுமல் கேட்டது. அவர் இப்போது மேலே இருப்பார், இல்லை இறங்கியிருப்பார். நூற்று நாற்பத்து மூன்றின் ஓரத்தைப் பிடித்தாள், விட்டாள், திரும்பவும் பிடித்தாள். செண்பா அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. விதியை மீறி, காதுக்குள் மூச்சு மட்டுமாய்ச் சொன்னது. "தைரியமா திருப்பும்மா. எருமை ரொம்பக் கெட்டிக்காரி." அந்தப் பக்கத்திலிருந்து மதினி தலையைத் தூக்காமலேயே கையை நீட்டி இருவரையும் அடக்கினாள். "பேசாம இருங்களேன் ரெண்டு பேரும். நண்டு இப்பத்தான் அந்த நத்தை வீட்டுக் கதவத் தட்டுது." மாரிச்செல்வியின் தோள் குலுங்கியது. குலுங்கிக்கொண்டே பக்கத்தைத் திருப்பினாள்.